ரயில் போகுது, நமக்காக இல்ல

ஜப்பான்ல ஒரே ஒரு ஸ்கூல் பொண்ணுக்காக ஒரு ரயில்வே ஸ்டேஷனை மூடாம வெச்சிருந்தாங்கன்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்துது. உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். கியூ-ஷிராடகி, ஹொக்கைடோ தீவு, 2016 மார்ச்சில் மூடப்பட்டது. கதையில கொஞ்சம் மசாலா உண்டு, பரவின போஸ்டில் ஸ்டேஷன் பேரே வேற. ஆனா ஒண்ணு நிஜம்: படிக்கிற பிள்ளை ஏறுற நேரத்துக்கு அங்கே ஒரு ரயில் நின்றது.

அந்த ஃபார்வர்டுக்கு ஹார்ட் போட்டவர்களில் எத்தனை பேர் அருப்புக்கோட்டை ஸ்டேஷனுக்குள்ள கால் வெச்சிருக்கோம்? நம்ம காலேஜ்ல அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துப் பசங்க நிறைய. எல்லாரும் பஸ்தான். ஏன்னு கேட்டா "ட்ரெயின் எங்கடா இருக்கு" என்பார்கள். ட்ரெயின் இருக்கு. பிரச்சினை வேற.

மேப்பை மனசுல வரைஞ்சு பாருங்க. மதுரையில இருந்து ஒரு பாதை தெற்கே விருதுநகருக்கு, இன்னொண்ணு தென்கிழக்கே மானாமதுரைக்கு. இந்த ரெண்டு முனையையும் சேர்க்கிற கோடுதான் நம்ம பாதை. 1963-64ல மீட்டர் கேஜா போட்டது, 2013ல பிராட் கேஜ் ஆச்சு, இப்போ மேலே மின்கம்பியும் வந்தாச்சு. முக்கோணத்தோட உச்சியில மதுரை, அடிப்பக்கத்துல அருப்புக்கோட்டை. அதாவது, இந்தப் பாதையோட வேலையே மதுரைக்குள்ள போகாம கடந்து போறது. சென்னை - செங்கோட்டை சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு மூணு நாள். எர்ணாகுளம் - வேளாங்கண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள். நல்ல வண்டிகள்தான், குறை சொல்லல. ஆனா திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் காலையில எட்டரைக்கு மதுரையில இருக்க வேண்டிய ஒருத்தருக்கு இதுல எதுவும் இல்ல.

திருச்சுழி கதை இன்னும் வேடிக்கை. ரமண மகரிஷி பிறந்த ஊர். 1896ல திருவண்ணாமலைக்குக் கிளம்பினப்போ அவர் ரயிலேறினது மதுரையில. சொந்த ஊருக்குத் தண்டவாளம் வர அதுக்கப்புறம் 68 வருஷம் ஆச்சு. வந்த தண்டவாளமும் மதுரைக்குப் போகல.

ரோடு அப்படியில்லை. நாலுவழிச் சாலை மதுரையில இருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியா நேரா தூத்துக்குடிக்கு ஓடுது. அதே திசையில ஒரு ரயில்பாதை வேணும்னு 2011-12 பட்ஜெட்டில் ஒப்புதல் ஆச்சு. சுமார் 143 கி.மீ. நாம அப்போ மூணாவதோ நாலாவதோ படிச்சிட்டிருப்போம். இன்னிக்குத் தூத்துக்குடி முனையில மீளவிட்டான் - மேலமருதூர் இடையே 18 கி.மீ. முடிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் பேப்பர்ல. 2025 ஜனவரியில ரயில்வே அமைச்சர், தமிழக அரசே இந்தத் திட்டம் வேண்டாம்னு சொல்லிருச்சுன்னு பேசினதா செய்தி வந்தது. நாங்க அப்படிக் கேக்கவே இல்லைன்னு மாநில அமைச்சர் மறுத்தார். அப்புறம் வந்த விளக்கம்: சத்தத்துல கேள்வி சரியாக் கேக்கல, தூத்துக்குடின்னது தனுஷ்கோடின்னு காதுல விழுந்துச்சாம். மீம் போட்டுச் சிரிச்சோம், ரெண்டு நாள்ல மறந்தோம்.

இந்த மாதிரிப் பாதைகளுக்கு எப்பவும் சொல்ற காரணம் "போதிய பயணிகள் இல்லை". நீங்க இன்ஜினியரிங் படிக்கிறவங்க, யோசிச்சுப் பாருங்க. ஸ்விட்சை ஆஃப்ல வெச்சுட்டு அம்மீட்டரைப் பார்த்து லோடே இல்லைன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 2011 கணக்குப்படி அருப்புக்கோட்டை நகராட்சியில மட்டும் 87 ஆயிரத்துக்கு மேல ஜனம். தறி, மில், பூ வியாபாரம், காலேஜ்னு தினமும் மதுரைக்குப் போற கூட்டத்தைப் பார்க்கணும்னா திங்கட்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க. ஸ்டேஷன் கவுண்டர்ல அந்தக் கணக்கு கிடைக்காது.

ஃபார்வர்டு பண்ண வேண்டிய ஜப்பான் கதை வேற ஒண்ணு இருக்கு. 1910ல ஒசாகாவில் இருந்து தகரஸுகாவுக்கு ஒரு கம்பெனி ரயில் விட்டது. வழியெல்லாம் பெரும்பாலும் வயக்காடு. நடத்தினவர் கோபயாஷி இச்சிஸோ. பயணிகள் வரட்டும்னு அவர் காத்திருக்கல. இகெடா ஸ்டேஷன் பக்கத்துல மனை பிரிச்சு வீடு கட்டி, மாசத் தவணைக்கு வித்தார். வீடு வாங்கினவங்க தினமும் அவர் ரயில்லயே ஆபீஸ் போனாங்க. இன்னிக்கு அது ஹன்க்யூ ரயில்வே, ஜப்பானின் பெரிய புறநகர் ரயில் கம்பெனிகளில் ஒண்ணு. அங்க ரயில் முதல்ல வந்தது, கூட்டம் பின்னால வந்தது. நமக்குக் கூட்டம் ஏற்கனவே நிக்குது.

இதுல எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் ஒண்ணு உண்டு. பட்டப்படிப்பு வரைக்கும் பொண்ணுங்களுக்கு வீட்டுக்கும் காலேஜுக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாத் தருது. பசங்களுக்குப் பன்னிரண்டாவது வரைக்கும். எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிஞ்சாலும் அருப்புக்கோட்டைப் பொண்ணு அதை வெச்சு எந்த வண்டியில ஏறுவா? மாநில அரசோட இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரை போறது மொஃபசல். தினமும் டிக்கெட் எடுக்கணும். வீட்டுல கணக்குப் போடும்போது அண்ணனுக்கு மதுரை காலேஜ், தங்கச்சிக்குப் "பக்கத்துலயே ஏதாவது பாரு"ன்னு முடிவாகிற வீடுகள் நம்ம பக்கத்துல எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

புதுப் பாதை வர வருஷமாகும், நிலம் எடுக்கணும், சரி. அதுவரைக்கும் இருக்கிற பாதையிலயே ஒரு வண்டி விடலாமே. மானாமதுரையில காலையில கிளம்பி, நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, விருதுநகர் வழியா மதுரை. சுத்துதான். ரோட்டுல சுமார் 50 கி.மீ. போற அருப்புக்கோட்டைக்காரர் ரயில்ல கிட்டத்தட்ட 70 கி.மீ. போகணும். ஆனா தண்டவாளம் இருக்கு, கரண்ட் இருக்கு, ஒரு சென்ட் நிலம் எடுக்க வேண்டாம். வேணுங்கிறது டைம்டேபிள்ல ரெண்டு வரி: எட்டரைக்குள்ள மதுரை, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல திரும்ப.