ரோர்ஷாக்கா நாயகன்?

கல்லூரி விடுதியில் ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி, இரண்டே இரவுகளில் ‘வாட்ச்மென்’ படித்து முடித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87இல் 12 இதழ்களாக வந்த சித்திரக்கதை அது. அதில் என்னைக் கட்டிப்போட்டவன் ரோர்ஷாக். மைக்கறை ஓடும் முகமூடி, அழுக்கு மழைக்கோட்டு, உயிரே போனாலும் இறங்கிவராத பிடிவாதம். எங்கள் அறையிலிருந்த நால்வருக்கும் அவன்தான் நாயகன். இன்றும் இந்தக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் சொல்வது அதையேதான்: எல்லோரும் சமரசமாகிவிட்ட கதையில் அவன் ஒருவன்தான் நேர்மையானவன்.

போன மாதம் திரும்பப் படித்தேன். அந்தப் பேச்சை இனி என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

முதல் இதழிலேயே ஒரு மதுக்கடைக் காட்சி வருகிறது. எட்வர்ட் பிளேக் என்பவனின் கொலையில் துப்புத் தேடி ரோர்ஷாக் உள்ளே நுழைகிறான். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவனின் சுண்டுவிரலை ஒடித்துவிட்டு, கொன்றது யார் என்று கடையிலிருப்பவர்களைக் கேட்கிறான். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு விரலும் ஒடிகிறது. அப்போதும் பதில் இல்லை. அவன் பாட்டுக்கு எழுந்து போய்விடுகிறான். விரல் போனவனுக்கும் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்தப் பக்கத்தை அன்று நான் ரசித்தேன் என்பதை நினைக்கவே இப்போது கூசுகிறது.

சரி, எல்லோரிடமும் இதே கண்டிப்புதானா? இல்லை. இறந்துபோன பிளேக் ஒரு காலத்தில் சக சாகசக்காரி சாலி ஜூப்பிட்டரைப் பலாத்காரம் செய்ய முயன்றவன். சாலியின் மகள் அதை முகத்துக்கு நேரே சொல்லும்போது, நாட்டுக்காக உயிர்விட்டவனின் ஒழுக்கக் குறையை ஆராய நான் வரவில்லை என்கிற மாதிரி ரோர்ஷாக் தட்டிக்கழிக்கிறான். தெருப்பொறுக்கிக்குக் கிடைக்காத மன்னிப்பு அரசாங்கத்தின் அடியாளுக்குக் கிடைக்கிறது. இதற்குப் பெயர் சமரசம் இல்லையென்றால் வேறு எதற்கு?

கடைசிக் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அணுப்போரைத் தடுப்பதாகச் சொல்லி, முன்னாள் சாகச நாயகன் ஓஸிமாண்டியாஸ் நியூயார்க்கில் பாதிப் பேரைக் கொன்றுவிடுகிறான். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள ஒப்புகிறார்கள். ரோர்ஷாக் மறுத்து, அண்டார்டிகாப் பனியில் சாகிறான். மறுத்தது சரி. அத்தனை பிணங்களை மூடிமறைக்க எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் ஆறாவது இதழின் பின்பக்கங்களில், சிறுவன் வால்டர் கோவாக்ஸாக அவன் எழுதிய பள்ளிக்கூடக் கட்டுரை இருக்கிறது. ஜப்பான்மீது குண்டு போட்டு உயிர்களைக் காப்பாற்றியவர் என்று ட்ரூமனை அதில் புகழ்கிறான். அறியாப் பிள்ளை எழுதியது என்று விட்டுவிடலாம்தான். வளர்ந்தபிறகு எழுதும் நாட்குறிப்பிலும் நல்ல மனிதர்களுக்கு அவன் காட்டும் உதாரணம் அதே ட்ரூமன். கூட்டல் கழித்தல் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே. ஹிரோஷிமாவில் விழுந்தால் புண்ணியம், நியூயார்க்கில் விழுந்தால் பாவமா? இதைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

அவன் பட்ட பாட்டை மறக்கச் சொல்லவில்லை. அடித்து வளர்த்த தாய், கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கு, எல்லாம் நெஞ்சை அறுக்கின்றன. அந்த இரக்கத்துக்கு அவன் உரியவன். தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்துக்கு உரியவன் அல்லன். ஸ்டீவ் டிட்கோ படைத்த ‘மிஸ்டர் ஏ’ போல எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கும் நாயகர்கள் நிஜத்தில் எப்படி இருப்பார்கள் என்று காட்டத்தான் மூர் இவனை உருவாக்கினார். வாசகர்கள் இவனையே கொண்டாடியது அவரை வருத்தியது. பேட்டிகளில் அதைச் சொல்லியும் இருக்கிறார். என் கண்ணுக்கு அவன் உயர்ந்து தெரியும் இடம் பத்தாவது இதழில் இருக்கிறது. தன்மீது பழிசுமத்திய வீட்டுக்காரியைத் திட்டப் போகிறவன், அவள் பிள்ளை அழுவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிடுகிறான். அவன் இறங்கிவருவது அங்கேதான்.

பதினோராவது இதழை அன்று வேகமாகப் புரட்டியிருக்கிறேன். சிறையில் ரோர்ஷாக்குக்குச் சிகிச்சை தந்து, அவன் கதையைக் கேட்டு உடைந்துபோன மனநல மருத்துவர் மால்கம் லாங் அதில் வருகிறார். தெருமுனையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை அடித்துக்கொண்டிருக்கிறாள். தலையிட்டால் உன்னை விட்டுப் போய்விடுவேன் என்கிறாள் மனைவி. அவரிடம் முகமூடி கிடையாது, நாட்குறிப்பும் கிடையாது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடிவாங்குகிறவளை நோக்கி நடக்கிறார். பத்திரிகைக் கடைக்காரரும், அவர் கடையோரம் ஓசியில் கடற்கொள்ளையர் கதை படிக்கும் பையனும் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்து வரும் கட்டங்களில் ஓஸிமாண்டியாஸ் ஏவிய அழிவின் ஒளி அவர்களைத் தின்றுவிடுகிறது.