பூட்டுற நாளில் பாஸுக்குக் கோல் எடுக்காதீங்க



இது கராஜ்காரர்களைக் குறை சொல்லும் பதிவு அல்ல. குறை எங்களில்தான், முதலில் என்னில்.

எங்கட காக்காவின் டொல்பின் வேன் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது. வீட்டு அடுப்பும் அதில்தான் எரியுது. என்ஜின் புகை தள்ளத் தொடங்கினதும் ஓவர்ஹோல் செய்யக் கொடுத்தார். கிரேங்க் கிரைண்ட் ஆகி வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. திங்கள் புதுத் தவணை. காக்காவும் நானும் மாறி மாறி பாஸுக்குக் கோல் எடுத்தோம். ஞாயிறு இரவு வேன் வந்தது. பன்னிரண்டாம் நாள் அக்கரைப்பற்றுப் பக்கம் பெயரிங் பிடித்து நடுவீதியில் நின்றது. நல்ல வேளை, பிள்ளைகள் இறங்கி முடிந்திருந்தது.

கழட்டினால், கிரேங்கின் ஒயில் துவாரத்துக்குள் அரைத்த இரும்புத் தூள். பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, திரும்பவும் கழுவ இரண்டு மணித்தியாலம் போதும். அந்த இரண்டு மணித்தியாலத்தை நாங்கள்தான் கொடுக்கவில்லை.

கிரேங்குக்கும் பெயரிங்குக்கும் நடுவில் ஒயில் நிற்கும் இடைவெளி ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. எங்கட கராஜ்களோ கல்முனை பிரதான வீதியோரம் திறந்தபடி இருக்கின்றன. கடற்காற்று மணலையும் கொண்டுதான் வரும். திறந்த என்ஜினை மூட ஒரு பழைய பெட்ஷீட், அவ்வளவுதான் செலவு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தும், வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. கையில் இருக்கிற என்ஜினை ஒழுங்காகப் பூட்டுவதுதான் வழி.

நிந்தவூரில் ஒரு பாஸ் இருக்கிறார். கழட்டும்போதே ஒவ்வொரு கொனெக்டிங் ரொட்டுக்கும் அதன் மூடிக்கும் ஒரே இலக்கம் போடுவார். ரொட்டையும் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைவார்கள். மூடி மாறினால் வட்டம் கெட்டுவிடும். ஹெட் பொல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையாக, டோர்க் ரெஞ்சில் கணக்குப் பார்த்து இறுக்குவார். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் ஹெட் வளையும், கெஸ்கட் விடும், தண்ணீர் ஒயிலில் கலக்கும். "என்ட கைக்குத் தெரியும்" என்கிற பழைய பாஸ்மாரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காலையில் இறுக்கும் கையும் இஷாவுக்குப் பிறகு இறுக்கும் கையும் ஒன்றா? டைமிங் பெல்ட் போட்ட பிறகு கிரேங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளங்கள் நேரே வருதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் அடிக்கவே மாட்டார்.

ஊரில் அவருக்குப் பெயர் 'ஆமை பாஸ்'. கூலியும் கொஞ்சம் கூட. அதனால் வேலை குறைவு. அவசரமாக முடித்துக் கொடுப்பவரிடம்தான் நாம் வரிசையில் நிற்கிறோம். பிறகு பழகுகிற பொடியனும் அந்த அவசரத்தைத்தானே பழகுவான்?

வேன் இப்போது அவரிடம். ஒன்பது நாள் கேட்டிருக்கிறார். பிள்ளைகளை ஏற்ற வேறு வேன் ஹயருக்கு எடுத்திருக்கிறோம், நட்டம்தான். இன்று ஆறாம் நாள். காக்கா இன்னும் கோல் எடுக்கவில்லை. எனக்குத்தான் கை துருதுருக்குது.