எல்லா உயிருக்கும் ஒரே பிரைமரா?

அண்மையில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. குளத்து நீரில் தவளை டிஎன்ஏ கிடைக்கவில்லை, ஆகவே அங்கே தவளை இல்லை என்றார் மாணவர். என்ன பிரைமர் என்று கேட்டேன். தேடும் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுதான் பிரைமர். "சாஃப்ட்வேர்ல டிசைன் பண்ணது சார், எல்லா ஸ்பீஷிஸுக்கும் வேலை செய்யும்." அவையில் ஒருவர்கூட மறுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மென்பொருளுக்கு நாம் ஊட்டிய வரிசைகள்தான் தெரியும். 1998இல் வந்த கோட்ஹாப் என்ற பிரைமர் வடிவமைப்பு மென்பொருள் புரத வரிசைகளை அடுக்கிப் பார்த்து, நகலெடுப்பு தொடங்கும் த்ரீ பிரைம் முனையில் மட்டும் பல எழுத்துகளுக்கு இடம்விட்டு பிரைமர் போட்டுத் தரும். நல்ல யோசனைதான். ஆனால் அடுக்கில் இல்லாத தவளையை அது எங்கே போய்ப் பார்க்கும்? மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் புதிய தவளை இனங்களை விவரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரே வைக்காத தவளையின் வரிசை எந்தக் கோப்பில் இருக்கிறது?

ஃபோல்மர் குழு 1994இல் வெளியிட்ட பிரைமர் ஜோடி, சிஓஐ மரபணுவில் சுமார் 710 காரஇணை நீளத் துண்டைப் பெருக்குவது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்காகச் செய்தது. இனங்களை அடையாளம் காணும் பார்கோடாக சிஓஐ ஆனதும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்து ஓடினார்கள். தவளையிடம் திணறியது. பிரைமர் ஒட்டவேண்டிய இடமே தவளைக்குத் தவளை மாறுகிறது என்று 2005இல் வென்செஸ் குழு காட்டி, 16எஸ் மரபணுவைப் பரிந்துரைத்தது. சிஓஐ போன்ற புரத மரபணுவில் அமினோ அமிலம் மாறாமலே கோடானின் மூன்றாம் எழுத்து மாறும். அந்த மாற்றம் த்ரீ பிரைம் முனையில் விழுந்தால் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் நொதி அங்கேயே தடுமாறும். தவளை குளத்தில் கத்திக்கொண்டிருக்கும், ஜெல்லில் பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பேண்ட் இருக்காது! மீன்களுக்கென்று 2015இல் வந்த மைஃபிஷ் பிரைமரிலேயே சுறா, திருக்கைக்குத் தனி ஜோடி போடவேண்டி வந்தது.

பேண்ட் வராவிட்டால் திட்டு யாருக்கு? சேற்றில் இறங்கி சாம்பிள் எடுத்தவருக்கு. தோற்ற பிரைமரைப் பற்றி பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அடுத்த ஆய்வகமும் அதையே வாங்கிப் பணத்தைத் தொலைக்கிறது. "தவளை இல்லை" என்ற வரியோ அறிக்கையில் ஏறிவிடுகிறது. குளத்தைத் தூர்க்க நினைப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

அந்த வட்டாரத்துத் தவளையின் திசு டிஎன்ஏவில் பிரைமரை முதலில் ஓட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் தவளைக்கே பேண்ட் தராத பிரைமரை வைத்து, குளத்தில் தவளை இல்லை என்று எழுதாதீர்கள்.