புதுப் பையனை எந்த எண்ணில் சேர்ப்பது?



ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகனுக்குத்தான் அர்ச்சனை. "கடையில ஒரு வண்டி வாங்கிட்டுப் போகாம எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். நானும் அவனைத் திட்டினேன். ஆனால் நான் திட்டிய காரணம் வேறு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட் மோட்டார் வைத்திருக்கிறான். அதை இயக்கும் கண்ட்ரோலர் அவனே சால்டர் வைத்துச் செய்தது. அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேரும் அவன் எழுதியதே. லேப்டாப்பில் வயரைச் செருகிக் கட்டளை அடித்தால் ஆக்ஸிலேட்டரின் தொடக்க அளவு, உச்ச அளவு, மின்னோட்ட வரம்பு எல்லாவற்றையும் மாற்றலாம். போன ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு, பிரேக் பிடிக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆக ஒரு புதுக் கட்டளை சேர்த்து ஏற்றியிருக்கிறான். மறுநாள் காலை, பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப்போக சாவியைத் திருப்பினான். ஆக்ஸிலேட்டரில் கையே வைக்கவில்லை. சக்கரம் முழு வேகத்தில் சுற்றியது. ஸ்டாண்டு போட்டிருந்தது. குழந்தை வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

என்ன நடந்தது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பழைய நிரல் 180, 850, 10 என்ற மூன்று எண்களை வரிசையாக நினைவகத்தில் வைத்திருந்தது. புது அமைப்பை இவன் முதல் இடத்தில் நுழைத்துவிட்டான். நிரல் மாறியது, நினைவகத்தில் இருந்த எண்கள் மாறவில்லை. 180 போய் பிரேக்கில் உட்கார்ந்தது, 850 தொடக்க அளவானது, 10 உச்ச அளவானது. சும்மா இருக்கும்போதே ஆக்ஸிலேட்டர் 175 காட்டும். 10ஐத் தாண்டிவிட்டதா? அப்படியானால் முழு வேகம்! மின்னோட்ட வரம்புக்கோ எதுவும் எழுதாத காலி இடம் கிடைத்தது. காலி நினைவகத்தில் எல்லா பிட்டும் 1 என்பதால் அதைப் படித்தால் 65535 ஆம்பியர். 250 வாட்டுக்குக் கீழ், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருப்பதால் லைசென்ஸ் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வானே, அந்த வரம்பெல்லாம் இந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது.

"டேய், ஆகஸ்ட் மாசம் சேர்ற பையனை வருகைப் பதிவேட்டில எங்கடா எழுதுவாங்க?" என்றேன். "கடைசியில, மாமா" என்றான். முதல் எண்ணில் எழுதினால் ஒருவன் மார்க் அடுத்தவனுக்குப் போகும். முப்பது வருடம் பதிவேடு எழுதியவனுக்கு இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு தேவையில்லை.

இருந்தாலும் அவன் இதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கடை வண்டியிலும் இப்போது மென்பொருள் காற்றிலேயே வந்து மாறுகிறது. என்ன மாறியது என்று வாங்கியவருக்குத் தெரியுமா? ஸ்வீடன் நாட்டு பெஞ்சமின் வெட்டர் தன் வெஸ்க் கண்ட்ரோலரின் வரைபடத்தையும் நிரலையும் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் இவன் கற்றான். பிழை எங்கே என்று ஒரே மாலையில் கண்டுபிடிக்க முடிந்ததும் நிரல் கையில் இருந்ததால்தான்.

திட்டியது ராத்திரி வேலைக்கும் சோதிக்காத அவசரத்துக்கும். இப்போது நினைவகத்தின் முதலில் ஒரு பதிப்பு எண் போட்டிருக்கிறான். அது பொருந்தாவிட்டால் மோட்டார் அசையாது. சாவி திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் அளவு ஓய்வு நிலையில் இல்லையென்றாலும் அசையாது. ஆக்ஸிலேட்டரின் தரை வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி முழு முறுக்கு மாதிரியே தெரியும், அதையும் பழுதாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சக்கரம் ஓடும்போது கட்டளை எதையும் ஏற்காது. பழைய எண்களை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன், கொஞ்சம் முனகினான், எழுதினான்.

பெங்களூரிலும் ஓசூரிலும் இந்த வேலையே பார்க்கும் என் மாணவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். நிரலைக் கேட்டால் அனுப்புகிறேன். படித்துவிட்டுத் தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்புங்கள். அதுவரை பேத்தி ஆட்டோவில்தான் போகிறாள்.