தீவை ஆண்டவர்கள் மாறினர். ஆளும் முறை மாறவில்லை

1912ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு லட்சத்தீவுகளுக்கும் மினிக்காய்க்கும் ஓர் ஒழுங்குமுறை விதியை இயற்றியது. 2021ஆம் ஆண்டு அதே தீவுகளுக்கென நான்கு ஒழுங்குமுறை வரைவுகள் வெளியிடப்பட்டன. இடையில் 109 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆங்கிலேயர் வெளியேறினர், குடியரசு மலர்ந்தது. எனினும் தீவு மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் எதுவும் விவாதிக்காமலேயே அவர்களுக்கு விதி எழுதும் முறை மட்டும் அப்படியே நீடிக்கிறது.

இந்த முறையின் வேர் மலபார் மாவட்ட நிர்வாகத்தில் இருக்கிறது. தெற்குத் தீவுகளான அகத்தி, கவரத்தி, ஆந்த்ரோத், கல்பேனி ஆகியவையும் மினிக்காயும் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் வசம் இருந்தன. 1847ஆம் ஆண்டுப் பெரும்புயல் ஆந்த்ரோத்தையும் கல்பேனியையும் சூறையாடியது. கப்பப் பாக்கியைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் தீவுகளின் நிர்வாகத்தைக் கைப்பற்றினர். 1875 முதல் அது நிலையான ஆட்சியாயிற்று. 1908இல் ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக ஒப்பந்தம் செய்து, அரக்கல் குடும்பத்திடமிருந்து உரிமை முழுவதையும் எழுதி வாங்கினர். கடனுக்கு ஈடாகக் கைமாறிய மண்ணில் வாழ்ந்த மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

பாலக்காடு தாலுகாவை ஆண்ட அதே மலபார் கலெக்டரே கோழிக்கோட்டிலிருந்து இத்தீவுகளையும் ஆண்டார். பருவமழைக் காலத்தில் தீவுகளுக்கும் கரைக்கும் போக்குவரத்து அற்றுவிடும். கடல் அடங்கிய மாதங்களில் ஆய்வு அதிகாரி ஒருவர் கப்பலில் வந்து போவார். மற்ற நாள்களில் அமீன் எனப்படும் சர்க்கார் அலுவலரே வரி வசூலிப்பவர், சிறு வழக்குகளை விசாரிப்பவர், காவல் அதிகாரம் செலுத்துபவர். தீவுப் பெண்கள் தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, திரித்த கயிறு சர்க்காரின் ஏகபோகச் சரக்காக இருந்தது. கயிற்றுக்கு ஈடாக அரிசி அளக்கப்பட்டது. இவ்வளவு கயிற்றுக்கு இவ்வளவு அரிசி என்பதைத் தீர்மானித்தவர் திரித்தவர் அல்லர், கொள்முதல் செய்தவரே.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவமும் தரப்பட்டது. 1874ஆம் ஆண்டின் பட்டியல் மாவட்டங்கள் சட்டம் இத்தீவுகளைச் சாதாரணச் சட்டங்களின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் அவை 'விலக்கப்பட்ட பகுதிகள்' ஆயின. 1937இல் சென்னை மாகாணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை பதவியேற்றபோதும், தீவுகள் கவர்னரின் சொந்த அதிகாரத்திலேயே இருந்தன.

எளிய மக்களை வெளியாரின் சுரண்டலிலிருந்து காக்கவே இந்த ஏற்பாடு என்று காலனி அதிகாரிகள் வாதிட்டனர். அதில் ஓரளவு உண்மை உண்டு. வெளியார் நுழைவுக்கான கட்டுப்பாடு தீவு மக்களின் நிலத்தைக் காத்தது. இன்றும் அது தேவை. ஆனால் நிலத்தைக் காப்பது வேறு, நிலத்துக்கு உரியவரின் வாயை அடைப்பது வேறு. காலனியாட்சி முன்னதைக் காட்டிப் பின்னதைச் செய்தது.

சுதந்திர இந்தியா இந்தக் கட்டமைப்பை உடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தீவுகள் மத்திய ஆட்சிப் பகுதி ஆயின. அரசியலமைப்பின் 240ஆவது பிரிவு, இத்தீவுகளுக்கு ஒழுங்குமுறை விதிகள் இயற்றும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு, அதாவது நடைமுறையில் ஒன்றிய அரசுக்கு, வழங்குகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக்கூட அத்தகைய விதி தீவுகளின் அளவில் திருத்தவோ நீக்கவோ முடியும்.

இந்த வாசல் வழியாகவே 2021ஆம் ஆண்டின் வரைவுகள் வந்தன. 2020 டிசம்பரில் குஜராத்தின் முன்னாள் உள்துறை இணையமைச்சர் பிரபுல் கோடா படேல் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். வளர்ச்சியின் பெயரால் நிலத்தைக் கையகப்படுத்த வழி செய்தது ஒரு வரைவு. விசாரணையின்றி ஓராண்டு வரை சிறை வைக்க வகை செய்தது மற்றொன்று. பசுவதைக்கும் மாட்டிறைச்சிக்கும் தடை, இரு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடத் தடை என்பன ஏனையவை. மக்களில் பெரும்பான்மையினர் இஸ்லாமியர், பழங்குடிப் பட்டியலைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைத்தால் வகுப்புவாத நோக்கம் வெளிப்படை. 2021 மே 31 அன்று கேரள சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் 7 அன்று தீவு மக்கள் 12 மணி நேர உண்ணாநிலை மேற்கொண்டனர்.

நிர்வாகியை மாற்றினால் போதும் என்று கருதுவோர் உண்டு. அது போதாது. நல்ல நிர்வாகி வந்தாலும் அதே கோல் அவர் கையில் இருக்கும். மக்கள்தொகை குறைவு, ஆகவே சட்டமன்றம் சாத்தியமில்லை என்ற வாதமும் நிற்காது. 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. அதே மலபார் கரையில் இருக்கும் மாஹேயின் மக்கள்தொகை சுமார் 42,000. மாஹே மக்கள் புதுச்சேரி சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலமடை மாந்தோப்பில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளிக்கு ஊராட்சி, சட்டமன்றம், மக்களவை ஆகிய மூன்றுக்கும் வாக்கு உண்டு. கவரத்தியின் மீனவருக்குச் சட்டமன்ற வாக்கு இல்லை. ஊராட்சியிடம் இருந்த கல்வி, சுகாதாரம், மீன்வளம் போன்ற துறைகளையும் 2021இல் நிர்வாகம் தன்வசம் எடுத்துக்கொண்டது.

எனவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஊராட்சிகளிடமிருந்து பறித்த அதிகாரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிலப் பாதுகாப்பு நீடிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு அவையின் ஒப்புதலின்றி எந்த ஒழுங்குமுறை விதியும் செல்லாது என்ற நிலை வர வேண்டும். ஒரு காலத்தில் ஒரே கலெக்டரின் கீழ் இருந்த மலபார்க் கரை மக்கள் போராடித் தமது உரிமையைப் பெற்றனர். தீவு மக்களுக்கு அந்த உரிமை கிடைக்கும் வரை தோள்கொடுப்பது கரையில் உள்ள உழைக்கும் மக்களின் கடமை.