அப்புறம் மாத்திக்கலாம் சார்!

போன மாதம் உறவுக்காரப் பையனுக்காக ஒரு கல்லூரியின் இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். பிறந்த தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன். 'தேதி தவறு' என்று சொன்னால் போதும். பதிலாக, தலையில் மஞ்சள் பட்டையுடன் முழ நீளத்துக்கு ஒரு பக்கம் வந்தது. எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் பிழை, சர்வரில் எந்த டைரக்டரி என்று வீட்டு ரகசியம் அத்தனையும்.

தயாரித்த இளைஞரைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். "தெரியும் சார். டீபக் ட்ரூன்னு இருக்கு. அவசரத்துல லைவ் போயிட்டோம். அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். லைவ் போய் ஏழு மாசம்!

அவர் பயன்படுத்தியது ஜாங்கோ. அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் உருவாகி, 2005-ல் இலவசமாக வெளிவந்த ஃப்ரேம்வொர்க். புது ப்ராஜெக்ட் துவங்கினால் செட்டிங்ஸ் ஃபைலை அதுவே எழுதித்தரும். அதில் டீபக் ட்ரூ என்றுதான் இருக்கும். எழுதுகிறவருக்குப் பிழை தெரியவேண்டுமே. ஆனால், அதற்கு மேல் வரியிலேயே 'ப்ரொடக்‌ஷனில் இப்படி ஓட்டாதே' என்று எச்சரிக்கையும் இருக்கும். வேறென்ன செய்வது, வீட்டுக்கு வந்து கையைப் பிடிக்கவா?

சாரம் கட்டாமல் வீடு கட்ட முடியாது. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகும் பிரிக்காமல் விட்டால் திருடனுக்கு ஏணி.

கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் கொடுக்கும் பேட்ரியான் தளத்தில் 2015-ல் இதுதான் நடந்தது. சோதனைக்கு வைத்திருந்த டீபக் பதிப்பு வெளியுலகுக்குத் திறந்துகிடந்தது. 23 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் போயின. லட்சக்கணக்கான அந்தரங்கச் செய்திகளும்தான்.

இன்னொரு பாவம், சீக்ரெட் கீயைப் ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதிவைப்பது. ஜாங்கோ குக்கிகளில் கையெழுத்துப் போடும் முத்திரை அது. கோடு கையில் இருப்பவரெல்லாம் அதே கையெழுத்தைப் போடலாம். 'அழிச்சுட்டேனே' என்பார்கள். கிட்டில் ஏறியது அழித்தாலும் பழைய பிரதிகளில் இருக்கும். பூட்டையே மாற்றவேண்டும்.

ரகசியங்களைச் சர்வரின் சூழல் மாறிகளில் வையுங்கள். சாவி இல்லையென்றால் தளம் கிளம்பவே கூடாது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. டீபக்குக்கு 'ஃபால்ஸ்' என்று அங்கே எழுதினால், பைத்தானுக்கு அது வெறும் எழுத்துச்சரம். காலியாக இல்லாத சரம் எல்லாம் ட்ரூ! பொய் என்று எழுதினாலும் மெய் என்று படிக்கும். ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். லைவ் போகுமுன் 'செக் டிப்ளாய்' கட்டளையை ஓட்டினால் பல ஓட்டைகளை ஜாங்கோவே பட்டியல் போடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இதற்கும் நேரமில்லை என்கிற மேனேஜர்கள், நாளைக்கு 'ஹேக் பண்ணிட்டாங்க' என்று புலம்பக் கூடாது. கதவைத் திறந்துவைத்தவர் புகார் கொடுக்கலாம். பூட்டை உடைத்தார்கள் என்று மட்டும் எழுதக் கூடாது.