தொண்டூழியரின் விடுமுறை குற்றமாகுமா?

தொண்டு செய்யச் சென்றவருக்கு விடுமுறை எதற்கு என்று கேட்போர் எல்லா ஊரிலும் உளர். ஆப்பிரிக்க நாடொன்றில் ஈராண்டுக் காலம் ஆசிரியப் பணி புரியச் சென்ற இளைஞர் ஒருவர், பள்ளி விடுமுறையில் தன்னந்தனியராகத் தீவு ஒன்றுக்குப் போய்வந்தார் என்னும் செய்தி எட்டினால் போதும், "இதற்குத்தானா போனார்?" என்ற வினா உடனே எழுந்துவிடும். வினவுவோர் பெரும்பாலும் நல்லவர்களே, தொண்டின்பால் மதிப்புடையவர்களே. ஆயினும் அவ்வினாவின் அடியில் ஒளிந்து கிடக்கும் எண்ணம் நல்லதன்று.

அவ்வெண்ணம் யாது? ஆப்பிரிக்கா என்பது நோயாளி ஒருவரின் படுக்கை. அதன் அருகில் அமர்ந்தவர் கண்ணயரக் கூடாது என்பதே அது. ஒரு சொல்லில் அடக்கிவிடும் அந்நிலப்பரப்பில் 54 நாடுகள் உள்ளன. அங்கும் மக்கள் உழுகிறார்கள், விற்கிறார்கள், மணவிழாவில் ஆடுகிறார்கள், விடுமுறை வந்தால் சொந்த ஊர் திரும்புகிறார்கள். விடுமுறைக்குச் சுவாகிலி மொழியில் 'லிகிசோ' என்று பெயர். தான்சானியாவில் சூன், திசம்பர் மாதங்களில் பள்ளிகள் அடைக்கப்படும்போது அந்நாட்டு ஆசிரியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெற்றோரைக் காணப் புறப்படுகிறார். அவரைக் குறை கூறுவார் இலர். அடுத்த அறையில் பாடம் நடத்திய அயல்நாட்டார் மட்டும் பூட்டிய பள்ளிக்குக் காவல் இருத்தல் வேண்டுமோ? தாம் ஒரு வாரம் அகன்றால் நாடே நின்றுவிடும் என்று நினைப்பவர் தொண்டூழியர் அல்லர். பழைய குடியேற்ற ஆட்சியின் மாவட்ட அதிகாரிக்கு உறவினர்.

தொண்டு நிறுவனங்களே இதை அறிந்துள்ளன. 1961-இல் தோன்றி, அவ்வாண்டிலேயே கானாவுக்கும் தங்கனிக்காவுக்கும் ஆசிரியர்களையும் பிறரையும் அனுப்பிய அமெரிக்க அமைதிப் படையில், பயிற்சிக் காலம் கழிந்தபின் பணியாற்றும் ஒவ்வொரு மாதத்திற்கும் 2 நாள் விடுப்பு உண்டு. ஈராண்டுக்கு 48 நாள். அது பணியின் விதி. எவரும் இரங்கி ஈந்த சலுகையன்று. அப்படையினர் 1962 முதல் 1983 வரை மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலும் பணி புரிந்தனர் என்பதை இங்குள்ள மூத்த ஆசிரியர் அறிவர். தம் ஊர்ப் பள்ளிக்கு வந்த அயல்நாட்டு ஆசிரியர் விடுமுறையில் பினாங்கைக் காணச் சென்றால், அது தமக்கு இழைத்த துரோகம் என்று எந்தப் பெற்றோர் நினைத்திருப்பர்? தம் நாட்டில் காணத்தக்கவை உண்டென்று மகிழ்ந்திருப்பர். அந்த மகிழ்ச்சி தான்சானியருக்கு மட்டும் கிட்டாதா?

"போகட்டும், ஏன் தனியாக?" என்பது அடுத்த வினா. பெண்ணாயின் இவ்வினா இன்னும் உரக்க ஒலிக்கும். எச்சரிக்கை வேண்டாவென்று எவரும் கூறார். செல்லும் வழியைத் தலைமையாசிரியரிடம் சொல்லிச் செல்லலாம். இருட்டியபின் அறியாத ஊரில் இறங்காதிருக்கலாம். மலேரியா மருந்தை மறவாதிருக்கலாம். ஆனால் அயல்நாட்டார் ஐவர் கூடிச் சென்றால் நிகழ்வது என்ன? தம் மொழியையும் தம் உணவையும் தம் முணுமுணுப்பையும் சுமந்துகொண்டு செல்வர். சன்னலுக்கு வெளியே ஆப்பிரிக்கா ஓடும். வண்டிக்குள் அவர்களின் ஊரே அமர்ந்திருக்கும். தனியே செல்பவருக்கோ அருகில் இருப்பவரே துணை.

தான்சானியாவின் உள்நாட்டு நகரான தபோராவில் வரலாறு கற்பிக்கும் தொண்டூழியர் ஒருவரை எடுத்துக்கொள்க. 'ஆசிரியர்' எனப் பொருள்படும் 'முவாலிமு' என்ற பெயராலேயே மக்கள் அழைத்த சூலியஸ் நைரேரே, நாட்டின் தலைவராவதற்கு முன் கற்பித்த ஊர் அது. அவ்வூர் வழியே கீழைக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை செர்மானியர் ஆட்சியில் போடப்பட்டு 1914-இல் தங்கனிக்கா ஏரிக்கரையை எட்டியது. தந்தமும் அடிமைகளும் கொண்டு செல்லப்பட்ட பழைய வணிகத் தடத்தையே அது பெரும்பாலும் தொடர்கிறது. அத்தடம் கடலைத் தொட்ட இடம் பாகமோயோ. அப்பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். சுமை தூக்கி வந்தவர் சுமையை இறக்கி நெஞ்சாறிய இடம் என்பர் சிலர்; விலங்கிடப்பட்டு வந்தவர் இனித் திரும்புதல் இல்லையெனத் தம் நெஞ்சையே விட்டுச் சென்ற இடம் என்பர் வேறு சிலர். இந்த இரண்டு பொருளையும் பாடநூலின் ஒரு வரியில் படிப்பது வேறு. அக்கரையில் தனியே நின்று, மீன் விற்கும் மூதாட்டியிடம் கேட்டறிவது வேறு.

எதிரே கடலில் சான்சிபார். தார் எஸ் சலாமிலிருந்து விரைவுப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். சுற்றுலா விளம்பரங்கள் அத்தீவை வெண்மணலாகவும் தென்னையாகவும் மட்டுமே காட்டும். அங்கே 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. அதன் வெளியே, குழியொன்றுக்குள் கழுத்தில் சங்கிலி பூண்ட கல்லுருவங்கள் நிற்கின்றன. பள்ளிகளில் கற்பிக்கப்படும் செந்தரச் சுவாகிலிக்கு அடிப்படையானதும் அந்நகரப் பேச்சே. உள்நாட்டில் தட்டுத்தடுமாறி அம்மொழியைக் கற்ற ஆசிரியர், அது பிறந்த வீட்டில் அதைக் கேட்கிறார். நண்பர் கூட்டம் உடனிருந்தால் ஆங்கிலத்திலேயே பொழுது கழிந்திருக்கும்.

'சஃபாரி' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சுவாகிலியில் அது பயணம் என்று மட்டுமே பொருள்படும். அத்தையைப் பார்க்கப் பேருந்தில் செல்வதும் சஃபாரியே. அதைச் சிங்கம் பார்க்கும் செலவாகச் சுருக்கியவர் அயலார். தொண்டூழியர் தம் விடுமுறையில் அச்சொல்லின் பழைய பொருளுக்குத் திரும்புவாராயின் அவரைக் கடிவதில் என்ன நியாயம்?

கடிய வேண்டியவர் வேறொருவர் இருக்கிறார். சுவாகிலி மக்களிடையே ஒரு பழமொழி உண்டு: விருந்தினர் இரண்டு நாள் விருந்தினர், மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டியைக் கொடு. அந்த மண்வெட்டியைப் பாதி வரப்பில் போட்டுவிட்டுப் போகிறவர் அவர். தான்சானியாவில் நான்காம் படிவ மாணவர் நவம்பரில் நாட்டுத் தேர்வு எழுதுகின்றனர். கட்டணம் குறைவு என்பதற்காக அக்டோபரில் பத்து நாள் சொல்லாமல் கிளம்பி, மாற்று ஆசிரியரும் இல்லாத வகுப்பை வெறுமையாக விட்டுச் செல்பவர் சிலர் உண்டு. "இதற்குத்தானா போனார்?" என்னும் வினாவை அவருக்காக எடுத்து வைத்திருக்கலாம்.